போக்கரில் தொடர்ந்து தோற்ற பிறகு கவனமும் தைரியமும் எப்படித் திரும்பும்?

கேள்வி: "இரண்டு வருடமாக ஆன்லைனில் ஆறு பேர் மேஜையில் நோ-லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை) ஆடுகிறேன். சின்ன ஸ்டேக்தான், அதாவது சின்னப் பந்தய அளவுதான், நிதானமாக லாபத்தில் இருந்தேன். கடந்த ஆறு வாரத்தில், சுமார் 12,000 கைகளில், என் வழக்கமான கணக்குப்படி 11 பை-இன் (ஒரு தடவை மேஜையில் உட்காரக் கொண்டுபோகிற தொகை) போய்விட்டது. அதில் 4 ஒரே இரவில் போனது, விட்டதைப் பிடிக்கலாம் என்று இரட்டிப்பு ஸ்டேக் மேஜையில் உட்கார்ந்தபோது. இப்போது நல்ல கை வந்தாலும் பயமாக இருக்கிறது, பாதி நேரம் என்ன ஆடுகிறேன் என்றே தெரிவதில்லை. இந்த இரண்டு வருடமும் வெறும் அதிர்ஷ்டம்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பழைய கவனமும் நம்பிக்கையும் எப்படித் திரும்பும்?"

பதில்:

முதலில் ஒன்று. இன்றைக்கு மேஜையைத் திறக்காதீர்கள், நாளைக்கும் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். அந்த இரட்டிப்பு ஸ்டேக் இரவின் கணக்கை நீங்கள் இன்னும் மனதில் மூடவில்லை, அதைத் தனியாகப் பிரித்து எழுதியிருப்பதிலேயே தெரிகிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு இடம் வரும்: தன் நஷ்டத்தோடு சமாதானம் ஆகாத மனிதன், மற்ற நேரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காத பந்தயங்களை ஏற்றுக்கொள்வான் என்று. நீங்கள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறீர்கள். எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் அந்த மனநிலையில் எடுக்கிற முடிவு சரியாக வராது, அதனால் ஒரு வாரம் சீட்டையே பார்க்க வேண்டாம், ஆனால் கணக்குப் பார்க்கலாம். இந்த வாரத்தின் வேலையே அதுதான்.

உங்கள் சந்தேகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்கு எண்களில் பதில் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு 12,000 கை என்ற வேகத்தில் ஆடியிருந்தால் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 2 லட்சம் கை ஆகிறது. ஆறு பேர் மேஜையில் 100 கைக்கு ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், சுமார் 90 பிக் பிளைண்ட் (சீட்டு வருவதற்கு முன்பே கட்டாயமாக வைக்கிற பெரிய பந்தயம், அதுதான் இங்கே அளவுகோல்) என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 2 லட்சம் கையில் அதிர்ஷ்டம் மட்டும் உங்களை மேலேயோ கீழேயோ தள்ளக்கூடிய அளவு 4,000 பிக் பிளைண்ட் வாக்கில் இருக்கும். நீங்கள் 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் என்ற விகிதத்தில் ஜெயித்திருந்தால் மொத்த லாபம் 10,000. திறமையே இல்லாமல் வெறும் அதிர்ஷ்டத்தால் அவ்வளவு வருவதற்கான வாய்ப்பு 100-ல் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் விகிதம் 5 இல்லாமல் 2 ஆக இருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் உங்கள் பதிவை எடுத்து உண்மையான எண்ணைப் போட்டுப் பாருங்கள். மனதில் இருக்கிற எண்ணை நம்ப வேண்டாம். தோற்கிற காலத்தில் மனது பழைய லாபத்தைக் குறைத்தே காட்டும்.

சரி, இந்த ஆறு வாரம்? அந்த ஓர் இரவைக் கழித்துவிடுங்கள், மிச்சம் 7 பை-இன், ஒன்றுக்கு 100 என்றால் 700 பிக் பிளைண்ட். 100 கைக்கு 5 ஜெயிக்கிறவர் 12,000 கையில் 600 லாபம் எதிர்பார்க்கலாம், ஆனால் அதே 12,000 கையில் ஏற்ற இறக்கம் மட்டுமே ஏறக்குறைய 1,000. ஆகவே அவர் 700 கீழே போவதற்கு வாய்ப்பு 100-ல் 9 போல வருகிறது. கேட்க அரிதாகத் தெரியும். ஆனால் இரண்டு வருடத்தில் இப்படி 17 ஆறு வாரங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றாவது இவ்வளவு மோசமாக அமைவதற்கு ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கணக்கை நான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது, நெஞ்சில் இருந்து ஒரு கல்லை எடுத்து வைத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு காலம் வருவது ஆட்டத்தின் சாதாரண விலை. ஏஸ் ஜோடியோடு கிங் ஜோடியை எதிர்த்து எல்லாச் சிப்பையும் உள்ளே தள்ளினாலும் ஐந்தில் ஏறக்குறைய ஒரு தடவை தோற்பீர்கள். ஃப்ளாப்பில், அதாவது மேஜையில் முதல் மூன்று பொதுச் சீட்டு விரித்ததும், நான்கு சீட்டு ஒரே இனமாக வைத்திருப்பவருக்கு ரிவர் என்கிற கடைசிப் பொதுச் சீட்டுக்குள் ஐந்தாவது வந்து சேர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதெல்லாம் ஒரே வாரத்தில் குவியும்போது யாரோ வேண்டுமென்றே செய்வது போலத் தோன்றும்.

ஆனால் எல்லாமே சீட்டின் குற்றம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் நான் உங்களுக்கு உதவவில்லை என்று அர்த்தம். அந்த இரவு உங்களுடையது, அதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். எனக்குக் கவலை கண்ணுக்குத் தெரியாத பகுதியைப் பற்றி. "நல்ல கை வந்தாலும் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த பயம் மேஜையில் எப்படி வேலை செய்யும் என்று ஒரு கையை எடுத்து எழுதிக் காட்டுகிறேன்.

நீங்கள் பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக முடிவெடுக்கிற இடம்), கையில் ஏஸ்-குயின். 2.5 பிக் பிளைண்டுக்கு ஏற்றுகிறீர்கள், பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்கிறார், அதாவது ஈடாக வைக்கிறார்; பாட், நடுவில் சேர்ந்த தொகை, மடித்தவர் கட்டாயமாக வைத்த அரை பிளைண்டோடு 5.5. ஃப்ளாப்பில் இஸ்பேட் குயின், ஆட்டின் 9, டைமன் 4. அவர் செக், எதுவும் வைக்காமல் விடுகிறார், நீங்கள் 3.5 வைக்கிறீர்கள், கால். டர்ன், நான்காவது பொதுச் சீட்டு, கிளாவர் 2, மறுபடி செக், நீங்கள் 9 வைக்கிறீர்கள், கால். பாட் இப்போது 30.5. ரிவரில் டைமன் 7. யாருக்கும் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) கிடையாது, வரிசை சேரவும் வழியில்லை. அவர் செக் செய்கிறார். ஆறு வாரத்துக்கு முன்னால் நீங்கள் யோசிக்காமல் 20 வைத்திருப்பீர்கள். இப்போது விரல் நிற்கிறது. 'இரண்டு தடவை கால் செய்திருக்கிறார், செட் (ஒரே எண்ணில் மூன்று) வைத்திருப்பாரோ, ஏற்றிவிட்டால் என்ன செய்வது, இதையும் விட்டுவிட்டால்...' என்று ஓடுகிறது, செக் பட்டனை அழுத்துகிறீர்கள். அவர் குயின்-ஜாக் காட்டுகிறார். 30.5 உங்கள் பக்கம் வருகிறது, 'அப்பாடா' என்று மூச்சு விடுகிறீர்கள்.

அந்த 'அப்பாடா'தான் சிக்கலே. அந்த ஆள் குயின்-ஜாக்கோடு 20-க்கும் கால் செய்திருக்கக்கூடியவர். 100 கைக்கு 5 என்ற விகிதத்தில் 20 பிக் பிளைண்ட் என்பது 400 கையின் சம்பாத்தியம், அது ஒரே செக்கில் போய்விட்டது, போனதாக எந்தப் பதிவிலும் வராது, ஏனென்றால் உங்கள் கணக்கில் அது ஜெயித்த கை. கடைசியாக முடிவெடுக்கிற இடத்தில் இருந்து வைக்கிற பந்தயத்துக்கு ஒரே கேள்விதான்: அவர் கால் செய்கிற கைகளில் பாதிக்கு மேல் என்னைவிடச் சின்னதா? ஆமாம் என்றால் வைக்க வேண்டும். சில நேரம் செட் காட்டுவார், காட்டட்டும். பயந்த ஆட்டக்காரரின் நஷ்டம் பெரும்பாலும் இப்படி ஜெயித்த கைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. தோற்ற கைகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கண்ணில் படாது. அதனால்தான் ஆட்டம் சரியாக ஆடுகிறேனே, ஏன் ஏறவில்லை என்று குழம்புகிறார்கள், குழப்பம் இன்னும் பயத்தைக் கூட்டுகிறது.

இந்த வாரத்துக்கான வேலை இதுதான். 12,000 கையில் பெரிய பாட் 40 எடுத்துக்கொள்ளுங்கள், தோற்றது 20, ஜெயித்தது 20. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள், ஆனால் முக்கியமான முடிவு எடுத்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்து என்ன சீட்டு வந்தது, எதிராளி என்ன காட்டினார் என்று எழுதக்கூடாது. இரண்டு நாள் விட்டுவிட்டு, அதுவரைதான் தெரியும் என்ற நிலையில் ஒவ்வொரு கைக்கும் என்ன செய்வீர்கள், ஏன் என்று பக்கத்தில் எழுதுங்கள். நம்பகமான ஆட்ட நண்பர் இருந்தால் அவரிடமும் கொடுங்கள், முடிவைச் சொல்லாமல். முடிவு தெரிந்துவிட்டால் யாருடைய தீர்ப்பும் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும், உங்களுடையதும்தான். அப்புறம் கைகள் தானாக மூன்று குவியலாகப் பிரியும். சீட்டு செய்த வேலை ஒன்று. எப்படி ஆடியிருந்தாலும் சரியே என்று சொல்லக்கூடிய கஷ்டமான இடங்கள் இன்னொன்று. மூன்றாவது உண்மையான தவறு. மூன்றாவது குவியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் சொல்லிக்கொடுத்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்தது, அந்தக் குவியலில் பத்து விதமான தவறு இருக்காது, இரண்டு அல்லது மூன்று விதம்தான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும். ரிவரில் வைக்காமல் விடுவது, பிளைண்டில் இருந்து கோபத்தில் கால் செய்வது, ஒரு குறிப்பிட்ட ஆள் மேல் பழி தீர்க்கக் கிளம்புவது, இந்த மாதிரி.

கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஆல்-இன் எதிர்பார்ப்புக் கோட்டைப் பார்த்து, 'உண்மையில் நான் இவ்வளவு ஜெயித்திருக்க வேண்டும்' என்று ஆறுதல் அடைவது உண்டு. அதை அளவாக நம்புங்கள். சிப் முழுவதும் உள்ளே போன பிறகு வந்த சீட்டை மட்டும்தான் அது சரிக்கட்டுகிறது. உங்கள் கிங் ஜோடி ஏஸ் ஜோடியில் போய் மோதியதையோ, செட்டுக்கு மேல் பெரிய செட் வந்ததையோ அது துரதிர்ஷ்டம் என்று எண்ணாது. அதேபோல அந்த ஏஸ்-குயின் செக்கையும் அது தவறு என்று எண்ணாது. அந்தக் கோடு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் நோட்டு வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எனக்கும் உங்களுடையதைவிட நீளமான ஓர் இறக்கம் வந்தது. அப்போது நான் செய்த பெரிய தவறு ஆட்டத்தையே மாற்றியது. ஒரு வாரம் ஒரு பாணி, அடுத்த வாரம் யாரோ சொன்ன புது அளவுகள், அதற்கடுத்த வாரம் எல்லாவற்றையும் மடிக்கிற இறுக்கமான ஆட்டம். எது வேலை செய்கிறது என்று சோதிக்க எதையும் போதுமான கைகள் ஆடவே இல்லை, பத்தாயிரம் கையில்கூட நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் முடிக்க மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருக்கும்போது ஆயிரம் கையில் என்ன தெரியும்? தரையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. நம்பிக்கை போவதற்குத் தோல்வியைவிட அது பெரிய காரணமாக இருந்தது. அதனால் இப்போது எதையும் புதிதாகக் கட்டாதீர்கள். மூன்றாவது குவியலில் அதிகம் வந்த ஒரே ஒரு தவறை எடுத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

கவனம் பற்றிக் கேட்டீர்கள். கவனம் எங்கேயும் ஓடிப்போகவில்லை, அது முழுவதும் பணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூலையில் தெரிகிற இருப்புத் தொகையை ஒவ்வொரு கைக்கும் பார்த்துக்கொண்டே எதிராளி என்ன வைத்திருப்பார் என்று யோசிக்க யாராலும் முடியாது. திரையில் தொகைக்குப் பதிலாக பிக் பிளைண்ட் காட்டும்படி அமைப்பை மாற்றுங்கள், மொத்த இருப்பை மறைக்க முடிந்தால் மறையுங்கள், முடியாவிட்டால் அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள், நான் இதைச் செய்திருக்கிறேன். போன் வேறு அறையில். ஒரே நேரத்தில் நான்கு மேஜை ஆடுபவர் என்றால் இரண்டு போதும். அப்புறம் உங்கள் முறை வரும்போது வாய்விட்டு மூன்று கேள்வி: அவரிடம் என்னென்ன இருக்கலாம், நான் எதற்காக வைக்கிறேன், அவர் ஏற்றினால் என்ன செய்வேன். எதிராளி பாதி பாட் வைத்தால் கால் செய்ய எனக்கு ஜெயிக்கிற வாய்ப்பு 25 சதவீதம் வேண்டும், முழுப் பாட் வைத்தால் 33 வேண்டும் என்கிற சின்னக் கணக்கையும் சத்தமாகச் சொல்லுங்கள். குரல் வெளியே வரும்போது பதற்றம் தானாக மெதுவாகும், அதோடு உங்களிடம் காரணமே இல்லாத இடம் உடனே காதில் விழும். 'சும்மா தோன்றியது' என்று உங்கள் வாயாலேயே கேட்டால் கை தானாக நின்றுவிடும்.

ஆத்திரத்தில் நிதானம் போய் ஆடுவதை டில்ட் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் துடுப்பால் பந்தைத் தட்டி ஆடுகிற பின்பால் இயந்திரத்திலிருந்து வந்தது. ஆத்திரத்தில் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் டில்ட் என்று விளக்கு எரிந்து துடுப்புகள் செத்துவிடும், அந்தப் பந்து அதோடு போச்சு. போக்கர் மேஜை அப்படி உங்களை நிறுத்தாது, விடியும் வரை சிப் வாங்க விடும். அதனால் அந்த விளக்கை நீங்கள்தான் முன்கூட்டியே பொருத்த வேண்டும், ஆட ஆரம்பிப்பதற்கு முன், தலை தெளிவாக இருக்கும்போது, எழுத்தில். இரண்டு பை-இன் போனால் அன்றைக்கு முடிந்தது. ஸ்டேக் ஏறுவது என்பது ஆட்டத்தின் நடுவில் எடுக்கிற முடிவே கிடையாது, வாரக் கடைசியில் பதிவைப் பார்த்துத்தான். தாடை இறுகுவது, மௌஸை அழுத்திக் கிளிக் செய்வது, யாரையாவது திட்டத் தொடங்குவது, இதில் உங்களுக்கு எது முதலில் வரும் என்று உங்களுக்கே தெரியும், அதை எழுதி வையுங்கள். அது வந்தால் பத்து நிமிடம் எழுந்து நடக்க வேண்டும்.

ஸ்டேக்கை இப்போதே ஒரு படி இறக்குங்கள். கௌரவப் பிரச்சினையாகத் தோன்றும், ஆனால் இறங்குவது ஆட்டத்தின் ஒரு பகுதி, பல வருடம் தாக்குப்பிடித்தவர்கள் எல்லோரும் இறங்கியிருக்கிறார்கள். ஆறு பேர் மேஜைக்கு 30 பை-இன்னாவது தனியாக, வீட்டுச் செலவோடு கலக்காமல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இருப்பதை 30-ஆல் வகுத்துப் பாருங்கள், எந்த ஸ்டேக் என்று அதுவே சொல்லும். அந்த ஸ்டேக்கில் ஏஸ்-குயினோடு 20 பிக் பிளைண்ட் வைக்க விரல் நிற்காது. சரியான பந்தயத்தை வைத்து, அவர் செட் காட்டி, அப்போதும் மனது ஆடாமல் அடுத்த கைக்குப் போகிற அனுபவம் ஐம்பது தடவையாவது வேண்டும். நம்பிக்கை அப்படித்தான் வரும். ஒரு பெரிய வெற்றி நாள் வந்தால் வராது, வந்த மாதிரி இருந்து அடுத்த தோல்வியில் போய்விடும்.

கடைசியாக, வீட்டில் சொல்லவில்லை என்பது. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது அந்த வரிதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் கொண்டுவந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் சூதாட்டக் கோளாறுக்கு ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன, ஒரு வருடத்துக்குள் நான்கு பொருந்தினால் மருத்துவர் அதைக் கோளாறாகக் கருதுவார். விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போவது ஒன்று. எவ்வளவு ஆடுகிறோம் என்பதை மறைத்துப் பொய் சொல்வது இன்னொன்று. ஓர் இரவையும் ஒரு மௌனத்தையும் வைத்து உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் மற்றவற்றையும் உங்களையே நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்: கடன் வாங்கினீர்களா, நிறுத்த முயன்று முடியாமல் போனதா, அதே கிளர்ச்சிக்கு முன்பைவிடப் பெரிய தொகை வேண்டியிருக்கிறதா, மனது சரியில்லாதபோதுதான் அதிகம் ஆடத் தோன்றுகிறதா. இதற்கு ஆமாம் வருகிறது என்றால் மேலே நான் எழுதிய எதையும் செய்ய வேண்டாம், மேஜைக்குத் திரும்பவும் வேண்டாம், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 1957-ல் தொடங்கி இன்றைக்குப் பல நாடுகளில் கூட்டம் நடத்துகிற கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் போன்ற குழுவிடம் பேசுங்கள். ஆமாம் வரவில்லை என்றாலும் வீட்டில் சொல்லிவிடுங்கள், தொகையோடு. மறைத்து வைத்த நஷ்டம் இருக்கிறவரைக்கும் ஒவ்வொரு பாட்டிலும் அதை மீட்கிற அவசரம் கூடவே உட்கார்ந்திருக்கும், அதோடு மூன்று கேள்வி கேட்டுப் பொறுமையாக ஆட முடியாது.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு வாரம் கழித்து, முதல் நாள் 45 நிமிடம். ஒரு படி கீழே, இரண்டு மேஜை, கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டு. மணி அடித்ததும் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள். அந்த 45 நிமிடத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் தேர்ந்தெடுத்த அந்தத் தவறு வரக்கூடிய இடம் எத்தனை தடவை வந்தது, அதில் எத்தனை தடவை காரணத்தோடு ஆடினீர்கள். பத்து நாள் இப்படிப் போகட்டும், பிறகு மூன்று கைகளை எழுதி எனக்கு அனுப்புங்கள். யார் ஜெயித்தது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.